பவளக்கொடி அழவில்லை

அழவில்லை, நான் அழவில்லை என்று இன்னும் எத்தனை பேரிடம்தான் சொல்லுவது என்று பவளக்கொடிக்கு அலுத்துப்போய்விட்டது. இப்போதுகூடப் பாருங்கள், ராஜபாளையத்துக் கண் ஆஸ்பத்திரி நடையில் மூன்றாவது பெஞ்சில் கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள், எதிர் பெஞ்சில் பச்சைத் துணியால் ஒரு கண்ணை மூடியிருக்கும் பெரியவர், முன்பின் தெரியாத மனுஷன், குனிந்து அவள் முகத்தைப் பார்த்து, "அழாதம்மா, ஆப்பரேஷனெல்லாம் ஒண்ணுமே வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்கிறார். எனக்கு ஆப்பரேஷன் இல்லை ஐயா என்று சொல்லலாம். சொன்னால், பிறகு ஏன் அழுகிறாய் என்பார். மருந்து வழிகிறது என்றால் சரி சரி என்று நம்பாத தலையாட்டு ஒன்று வரும். அந்தத் தலையாட்டை அவள் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஊரில் ஒருத்தர் பாக்கியில்லை. அதனால் கைக்குட்டையால் கன்னத்தை ஒற்றிக்கொண்டாள். பால் மாதிரி வெள்ளையாக ஒரு சொட்டு, வலது கண்ணில் ஒன்று இடது கண்ணில் ஒன்று, ரெஜினா என்கிற அந்தச் சோதனை எடுக்கும் பெண் சீசாவை நன்றாகக் குலுக்கி விட்டுவிட்டு, "அரை மணி நேரம் இருங்கக்கா, கசக்கிராதீங்க, கொஞ்ச நேரம் மங்கலாத்தான் இருக்கும், மறுபடியும் கூப்பிட்டுப் பாப்போம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நடையே பனி விழுந்த மாதிரி இருந்தது. சுவரிலே இருந்த கடிகாரம் ஒரு வெள்ளைத் தோசை. பெரியவரின் பச்சைத் துணி மட்டும் தெரிந்தது, அவரது முகம் இல்லை, முகம் இல்லாமலே ஆறுதல் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வராணி அவள் முழங்கையை இடித்தாள். "யக்கா, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. உள்ள போயி மருந்து ஒத்துக்கலைன்னு சொல்லிருங்க. நாளைக்கு வந்து போட்டுக்கிறலாம். இன்னைக்கு மூணு மணிக்கு மேனேஜர் ரூமுக்கு மட்டும் நீங்க பழைய கண்ணோட வரணும்." இதைத்தான் அவள் காலையில் பஸ் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறாள்.

பழைய கண்ணாம். கோபம் வந்தது, கோபம் வந்ததும் கண் எரிந்தது, எரிந்ததும் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தது, அதைப் பார்த்ததும் செல்வராணியின் முகம் மலர்ந்தது. முகம் சரியாகத் தெரியாவிட்டாலும் அவள் மலர்ந்தது பவளக்கொடிக்குத் தெரிந்தது. எப்படிப்பட்ட பிறவி இவள். நல்லவள்தான். அடுத்த மெஷினில் நிற்கிறவள், முப்பது வயது, நாக்கு நீளம், துணைக்கு வா என்று கூப்பிட்டதும் லீவு போட்டுவிட்டு வந்தவள். ஆனால் இவளுக்கும் அந்த மில்லில் நூல் சுற்றும் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு நிற்கிற மற்ற நாற்பது பெண்களுக்கும் பவளக்கொடியின் கண் ஒரு சங்கச் சொத்து ஆகிவிட்டது. போன தடவை மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தபோது என்ன சொன்னார்கள்? நல்லாப் பேசினீங்கக்கா என்று ஒரு வாய் சொல்லவில்லை. நல்லா அழுதீங்கக்கா என்றார்கள். நாடகத்தில் வேஷம் கட்டினவளிடம் சொல்லுகிற மாதிரி. அழவில்லையடி என்றாள். ஆமாக்கா, நீங்க அழல, தானா வந்துச்சு என்று சிரித்தார்கள். தானாகத்தான் வந்தது, அதைத்தானே சொல்கிறேன், தானாக வந்தது. அந்த வார்த்தையை எந்தப் பக்கம் புரட்டிப் போட்டாலும் அழுகையாகவே விழுகிறது. ஏழு மாதம் ஆயிற்று. அன்றைக்கு நோட்டுத்தாளில் ஏழு விஷயம் எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தாள், ஒன்று, இரண்டு என்று எண் போட்டு. நாற்பத்திரண்டு பெண்களுக்குப் பதிலாக மெஷினில் மாற்றி நிற்க ஒரே ஒரு ஆள் இருக்கிறாள், எட்டு மணி நேரத்தை நாற்பத்திரண்டாய் வகுத்தால் ஒருத்திக்குப் பதினோரு நிமிஷம், அதற்குள் சாப்பிட வேண்டும், ஒதுங்கிவிட்டு வரவேண்டும், கழிப்பிடம் இருப்பதோ பஞ்சு குடோனுக்குப் பின்னால். இன்னும் மூன்று ஆள் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மேனேஜர் திருவேங்கடம் சார் ரூமில் ஏசி சரியாக அவள் நாற்காலிக்கு மேலே. முதல் விஷயம் சொன்னாள், அவர் கேட்டார், பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார், ஆனால் கேட்டார். இரண்டாவதும் சொன்னாள். மூன்றாவதில் இருக்கும்போது கண்ணில் மணல் விழுந்த மாதிரி கரகரவென்று ஒரு எரிச்சல், பிறகு பொலபொலவென்று. அவ்வளவுதான். அவர் முகம் மாறிவிட்டது. அதுவரைக்கும் மேனேஜராக இருந்தவர் சட்டென்று யாரோ சித்தப்பா மாதிரி ஆகி, "அய்யய்யே, என்னம்மா இது, அழக்கூடாது, எதுக்கு அழறீங்க, இந்தாங்க தண்ணி குடிங்க" என்று டிஷ்யூவை உருவி நீட்டி, "ஒரு ஆள் போட்டுத்தாரேன், போங்க" என்று எழுந்துவிட்டார். நாலாவது விஷயம் தாளிலேயே இருந்துவிட்டது. காளீஸ்வரியின் விஷயம்.

நாலாவதுதான் விஷயமே. மற்ற ஆறும் அதற்குக் கட்டின வேலி. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், முதலில் சொன்னால் அவர் மிரண்டு விடுவார் என்று நினைத்து நடுவில் வைத்தாள், அதிபுத்திசாலி. காளீஸ்வரிக்கு இருபத்துநாலு வயது. வெளியே போக வேண்டிவரும் என்று ஷிப்டில் தண்ணீரே குடிக்கமாட்டாள். அவள் மட்டுமா, யார்தான் குடிக்கிறார்கள், பாட்டிலைக் கொண்டுவந்து லாக்கரில் வைத்துவிட்டு அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் எல்லாரும். அந்தப் பிள்ளைக்கு நீர்க்கடுப்பு வந்து, சொல்ல வெட்கப்பட்டு, அது சிறுநீரகம் வரைக்கும் ஏறி, குளிர்காய்ச்சலில் மெஷின் ஓரத்தில் சரிந்து, மூன்று வாரம் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். அவளைத் தூக்கி வேனில் ஏற்றினபோது உதடு எல்லாம் வெடித்திருந்தது. பவளக்கொடியின் கை அந்த முதுகின் சூட்டை இன்னும் வைத்திருக்கிறது, துவைக்கிற கல் உச்சிவெயிலில் கொதிக்குமே அந்தச் சூடு. அதைச் சொல்லத்தான் போனாள். சொல்லவிடவில்லை இந்தக் கண். சொல்லாமலே ஒரு ஆள் கிடைத்தது. கிடைத்த ஆள் இரண்டு மாதம் இருந்தாள், அப்புறம் பேக்கிங்கில் ஆள் குறைகிறது என்று கொண்டுபோய்விட்டார்கள். காகிதத்திலா கொடுத்தார்கள், கண்ணைத் துடைக்கக் கொடுத்த டிஷ்யூவோடு சேர்த்துக் கொடுத்ததுதானே. இரக்கப்பட்டுக் கொடுத்தவனிடம் போய் ஏன் எடுத்தாய் என்று கேட்க முடிகிறதா? கேட்டால் நன்றிகெட்டவள். சே.

மங்கல் கொஞ்சம் விலகிய மாதிரி இருந்தது. கடிகாரத்துக்கு முள் முளைத்திருந்தது, எண்கள் இன்னும் இல்லை. கண்ணில் ஒரு வழுவழுப்பு, அதற்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை, தலைக்குத் தேய்த்த எண்ணெய் நெற்றியில் இறங்கினால் ஒரு பிசுக்கு இருக்குமே அதுவும் இல்லை, உறுத்தாத ஒரு மெத்து. டாக்டர் மங்கையர்க்கரசி காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. வேகமாகப் பேசுகிற அம்மாள், ஆனால் ஆளைப் பார்த்துப் பேசுகிறவள். "கண்ணீர்னா வெறும் தண்ணி இல்லம்மா. அடியில வழவழன்னு ஒரு பூச்சு, நடுவுல தண்ணி, எல்லாத்துக்கும் மேல மெல்லிசா எண்ணெய். அந்த எண்ணெய் இமை ஓரத்துல இருக்கிற சின்னச் சின்னச் சுரப்பியில இருந்து வரணும். உங்களுக்குப் பாதிக்கு மேல அடைச்சுக் கெடக்கு. மேல எண்ணெய் இல்லைன்னா தண்ணி ஆவியாப் போயிரும். கண்ணு காயுது, எரியுது, எரிஞ்ச உடனே மூளை பதறிப்போயி குடம் குடமா ஊத்திவிடுது. அந்தத் தண்ணியும் நிக்காது, கன்னத்துல வழிஞ்சிரும்." பவளக்கொடி கேட்டாள், "அப்போ என் கண்ணு காஞ்சு போனதாலதான் தண்ணி வருதா?" "அதேதான்" என்றாள் டாக்டர். கேட்டதும் எரிச்சலும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. இரண்டு வருஷமாக மருந்துக்கடையில் வாங்கிப் போட்ட சொட்டெல்லாம் தண்ணீர் மருந்து, ஆவியாகிற குளத்தில் ஒரு சொம்பு ஊற்றின கதை. ரசம் ஆறுகிற வேகத்தில் மேலே எண்ணெய் மிதக்கிற மீன்குழம்பு ஆறுவதில்லை, இது அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரியும், தெரிந்து என்ன, கண்ணிலும் ஒரு குழம்பு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். மில்லிலே மெஷினுக்கு மேலே தண்டவாளத்தில் ஒரு காற்றூதி போய்ப்போய் வரும், பஞ்சுத் தூசியை ஊதித் தள்ள. அது தலைக்கு மேல் வரும்போதெல்லாம் கண்ணில் அடிக்கும். நூல் அறுந்திருக்கிறதா என்று இமைக்காமல் பார்க்க வேண்டும், இமைத்தால்தான் அந்தச் சுரப்பியே எண்ணெய் விடுமாம். பத்தொன்பது வருஷம் இமைக்காமல் பார்த்திருக்கிறாள். ரெஜினா மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, நீல விளக்கில் பார்த்து, இமைக்காதீங்க என்று சொல்லி எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, போச்சு. வலது கண்ணில் மூன்று வினாடிக்குள் கண்ணீர்ப் படலம் கிழிந்துவிடுகிறதாம். இடதில் நாலு. பத்துக்கு மேல் நிற்க வேண்டுமாம். மூன்று வினாடி. ஒரு மனுஷியின் பார்வைக்கு விதித்தது மூன்று வினாடி.

வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது. ரெண்டு வருஷமாகக் கட்டின புருஷனோடு ஒரு சண்டையைக்கூட முழுசாகப் போட்டு முடிக்க முடியவில்லை. குருநாதன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், கெட்டவன் என்று சொல்ல முடியாது, அதுதான் இன்னும் கஷ்டம். மகள் இந்துமதியைத் தன் அக்கா மகனுக்குக் கொடுக்கிறேன் என்று இவளையும் கேட்காமல், அந்தப் பிள்ளையையும் கேட்காமல், ஒரு காதுகுத்து வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். கேட்டதும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றாள், சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாகத் தொண்டையில் வந்து நின்றது, அவ படிக்கிறா, அந்தப் பையனுக்கு ஒரு வேலையில் ஆறு மாசம் நிலையில்லை, உன் அக்கா என்னை இருபது வருஷமாக என்ன பேசினாள் தெரியுமா என்று. முதல் வாக்கியம் முடிவதற்குள் கண் எரிய ஆரம்பித்துவிட்டது. அவன் பார்த்தான். தோளெல்லாம் தளர்ந்துபோயிற்று அவனுக்கு. "சரி சரி, விடு, அழாத, பாத்துக்கிடுவோம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். திரும்பி வந்தான், கையில் பரோட்டாப் பொட்டலம், ரெண்டு சால்னா. வாக்கு அப்படியே இருக்கிறது. எட்டு மாதமாக அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி வாயைத் திறந்தால் கண் முந்திக்கொள்கிறது, கண் முந்தினால் பரோட்டா வருகிறது. போதும்டா சாமி அந்தப் பரோட்டா. அடித்துப் பேசட்டுமே, இல்லை என்று சொல்லட்டுமே, ஏன் என்று கேட்கலாம். தண்ணீரைப் பார்த்ததும் எல்லா ஆம்பிளைகளும் எழுந்து போய்விடுகிறார்கள், எதையாவது வாங்கிக் கொடுத்துவிட்டு.

ஆனால். இந்த இடத்துக்கு வந்தால் அவள் நினைப்பு எப்போதும் நூல் முடிச்சு மாதிரி மாட்டிக்கொள்ளும். திருவேங்கடம் சார் ரூமில் வந்ததே அந்தத் தண்ணீரில், ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டாவது நிஜமாக இருந்திருக்குமோ? மூன்றாவது விஷயத்தைச் சொல்லும்போது நாலாவது அடுத்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும், காளீஸ்வரியின் உதடு கண் முன்னால் நின்றது, அப்போதுதான் எரிந்தது. ஏசியும் இருந்தது, உதடும் இருந்தது. எது முதலில்? அதை எப்படிப் பிரிப்பது, தண்ணீரில் தண்ணீரைப் பிரிக்கிற மாதிரி. அழுதிருந்தால்தான் என்ன, குற்றமா, என்று ஒரு குரல். குற்றமில்லை, ஆனால் அழவில்லை என்று நாற்பது பேரிடம் சொல்லியிருக்கிறாயே, அது பொய்யா, என்று இன்னொரு குரல். அதற்கும் கீழே ஒன்று கிடந்தது. செல்வராணியின் பேச்சு அதைத்தான் காலையிலிருந்து கிளறிவிட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கண் காயாமல் இருந்து, தண்ணீர் வராமல் இருந்து, ஏழையும் சொல்லி முடித்து, அவர் ஒன்றுமே தராவிட்டால்? அப்போது என்ன அர்த்தம்? போன தடவை கிடைத்த ஒன்றுகூடப் பேச்சுக்குக் கிடைத்தது இல்லை என்று அர்த்தம். பவளக்கொடியின் வாய்க்கு ஒரு மதிப்பும் இல்லை, கண்ணுக்குத்தான் மதிப்பு, அதுவும் கெட்டுப்போன கண்ணுக்கு. "யக்கா, என்ன யோசிக்கிறீங்க?" என்றாள் செல்வராணி. "நம்ம என்ன பொய்யா அழப்போறோம். வர்றது வரட்டும்னு விடுறதுதான. மூணு ஆள் கெடைச்சா நல்லதுதான எல்லாருக்கும்." பவளக்கொடிக்கு ஆத்திரமாக வந்தது. எல்லாருக்கும் நல்லதுதான். காளீஸ்வரிக்கும் நல்லதுதான். தனக்கு மட்டும் ஏன் இது முள்ளாகக் குத்துகிறது, இது கௌரவமா, திமிரா? "வாய மூடிட்டு இருடி கொஞ்ச நேரம்" என்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். மறுபடியும் மஞ்சள் சாயம், நீல விளக்கு, தாடையை வைக்கிற மேடை. இமைக்காதீங்கக்கா. ஒண்ணு, ரெண்டு, மூணு. கிழியவில்லை. நாலு, அஞ்சு. பவளக்கொடிக்கு மூச்சு நின்றுவிட்டது, ஏதோ பந்தயத்தில் தன் ஆள் ஓடுகிற மாதிரி. ஆறு, ஏழு, எட்டு. "எட்டு வந்துருச்சு" என்றாள் ரெஜினா. இடது கண்ணில் ஆறு. டாக்டர் வந்து தானும் பார்த்துவிட்டு, துள்ளிக் குதிக்கவில்லை, "பரவால்ல, எண்ணெய்ப் படலம் கொஞ்சம் கனமாயிருக்கு, தண்ணி நிக்குது. ஆனா இது இப்போதைக்குத்தான். ஒரு நாளைக்கு நாலு வாட்டி போடணும், சீசாவக் குலுக்கிட்டுப் போடணும், ஏசியில உட்காரப்போறதுக்கு முன்னாடி ஒண்ணு. சுடுதண்ணித் துணியால இமைய ஒத்தடம் குடுங்க, பத்து நிமிஷம். சிலருக்கு இது நல்லாக் கேக்கும், சிலருக்குச் சாதாச் சொட்டுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்றாள். எழுந்திருக்கும்போது பவளக்கொடிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "டாக்டர், நெசமாவே அழுகை வந்தா வருமா?" டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "தாராளமா வரும். அதுக்கு இந்த மருந்து குறுக்க நிக்காது" என்றாள். வெளியே வெயிலில் வந்தபோது எதிர்க்கடைப் பலகையில் எழுத்தெல்லாம் அதனதன் இடத்தில் நின்றது. பேன்சி ஸ்டோர். இங்கே ஜாக்கெட் தைக்கப்படும். ஒரு எழுத்தும் நெளியவில்லை. மருந்துச் சீட்டைக் கொடுத்து வாங்கின சீசாவைச் செல்வராணி, "எங்கிட்ட இருக்கட்டும்க்கா, நீங்க மறந்துருவீங்க" என்று தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பஸ்ஸில் அதைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசினாள். மில் வாசலில் இறங்கும்போது மணி இரண்டே முக்கால். "எடு" என்றாள் பவளக்கொடி. "யக்கா..." "எடுன்னா எடு." அந்தக் குரலுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள். செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்துச் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து, குலுக்கி, அண்ணாந்து, வலதில் ஒன்று, இடதில் ஒன்று. உலகம் பாலாயிற்று. பால் தெளிகிறவரைக்கும் இமைத்து இமைத்து உட்கார்ந்திருந்தாள்.

திருவேங்கடம் சார் தயாராக இருந்தார். மேஜையில் டிஷ்யூப் பெட்டி அவள் பக்கமாக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது, ஒரு தம்ளர் தண்ணீர் மூடிபோட்டு. அதைப் பார்த்ததும் பவளக்கொடிக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. அதே நாற்காலி, அதே ஏசி. தாளை விரித்தாள். இந்தத் தடவை காளீஸ்வரிதான் முதல். இமைத்துக்கொண்டே சொன்னாள், டாக்டர் சொன்ன மாதிரி முழுசாக மூடித் திறந்து. அவர் தாளைப் பார்க்கவில்லை, அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், எப்போது வரும் எப்போது வரும் என்று. இரண்டாவது சொன்னாள். மூன்றாவது சொன்னாள். வரவில்லை. அவர் நாற்காலியில் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் சாய்ந்தார். நாலு, ஐந்து, ஆறு, ஏழு. சொல்லி முடித்துவிட்டாள். தாளில் ஒன்றும் பாக்கியில்லை. அவர் தொண்டையைச் செருமினார். "முடியாதும்மா" என்றார்.

முடியாது. இதுவா. பயந்துகொண்டிருந்தது இதுதானா. வந்துவிட்டது, எதிரில் உட்கார்ந்திருக்கிறது, பெரிதாக ஒன்றும் இல்லை. "ஏன் சார் முடியாது?" என்று கேட்டாள். ஏழு மாதத்துக்கு முன்னால் கேட்க முடியாத கேள்வி. மூன்று பேரைக் கொடுத்தால் உற்பத்தி குறையும் என்றார். அறுந்த நூலை முடிச்சுப்போடாமல் நிற்கிற மெஷினில் என்ன உற்பத்தி சார், ஆள் இல்லாமல் நிற்கிற நேரத்தை யார் கணக்கில் எழுதினது என்றாள். மற்ற மில்லில் இல்லாத பழக்கம் என்றார். மற்ற மில்லில் எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது, இந்த மில்லில் தெரியும் என்றாள். அவர் குரல் உயர்ந்தது. அவள் குரலும் உயர்ந்தது. ஒரு கட்டத்தில் அவர் எரிச்சலோடு மேஜையைத் தட்டி, "என்னம்மா நீங்க, போன தடவை வந்தப்ப இப்படியா பேசினீங்க?" என்றார். "போன தடவை நீங்க பேசவே விடலையே சார்" என்றாள். பிறகுதான் தாளை இழுத்துப் படித்தார், காளீஸ்வரி என்கிற பெயரில் விரல் நின்றது. எத்தனை நாள் லீவில் இருந்தாள் என்று கேட்டார். இருபத்தெட்டு நாள் என்றாள். அரை மணி நேரம் ஆயிற்று. மூன்று இல்லை, இரண்டு. ஒன்றாம் தேதியிலிருந்து. "எழுத்துல வேணும் சார்" என்றாள். கிளார்க்கைக் கூப்பிட்டு டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நீட்டினார். டிஷ்யூப் பெட்டியை யாரும் தொடவில்லை.

மாடிப்படிக்குக் கீழே செல்வராணி நின்றிருந்தாள். மேலே இருந்து இறங்குகிற முகத்தைத்தான் முதலில் ஆராய்ந்தாள், ஈரம் இருக்கிறதா என்று. "எத்தனக்கா?" "ரெண்டு." "ரெண்டுதானா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். "அழுதிருந்தா மூணும் கெடைச்சிருக்கும்." பவளக்கொடிக்குச் சுள்ளென்று ஏறியது. கெடைச்சிருக்கும்டி, போன தடவை மாதிரி ரெண்டே மாசத்துல போயிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தாள். அங்கேயே, படியில் நின்றபடியே. எழுத்து பொடிசாக இருந்தது. ஆனாலும் தெளிவாக இருந்தது, ஒவ்வொன்றாகப் படிக்க முடிந்தது. நூல் சுற்றும் பிரிவுக்கு ஷிப்டு ஒன்றுக்குக் கூடுதலாக இரண்டு மாற்றுப் பணியாளர்கள். சரி. ஒன்றாம் தேதி முதல். சரி. இமைத்துக்கொண்டாள். அடுத்த வரியில் 'தற்காலிகமாக' என்று இருந்தது. இன்னொரு தடவை படித்தாள். தற்காலிகமாகத்தான். கிளார்க் போட்டதா, அவர் போடச் சொன்னதா. "எங்கக்கா திரும்ப மேல போறீங்க?" என்று செல்வராணி பின்னாலேயே கத்தினாள். "ஒரு வார்த்தைய அடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பவளக்கொடி சேலையைத் தூக்கிப் பிடித்து இரண்டிரண்டு படியாக ஏறினாள்.